உடைக்காத பானை

அன்புத் தங்கைக்கு,

உன் மாமியார் ஊர் மலைப்பக்கம் என்றாயே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அங்கே போய்க் கொஞ்ச நாள் இரு. பஸ்ராவில் வெயில் தாங்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம், உங்கள் ஈரானில் மட்டும் குறைவாகவா இருக்கும்?

எதிர்ப் பள்ளிக்கூடத்தில் குடியேறியிருந்த அன்னியப் பட்டாளம் இன்று காலை கிளம்பியது. திரும்பி வரவே கூடாதவர்கள் போகும்போது பின்னால் பானை உடைப்போமே, அதற்காகத் தெருப் பெண்கள் எல்லோரும் வாசலில் நின்றோம்.

"இதுக்குன்னேதான்டி இத்தன வருஷமா இந்தப் பானைய வச்சிருந்தேன்!" என்று குதித்தாள் பக்கத்து வீட்டு உம்மு விசாம்.

ஊருக்குக் கப்பலேறப் போகிறார்கள் என்றிருந்தோம்; வண்டிகள் தெற்கே துறைமுகத்துக்குத் திரும்பவில்லை. கிழக்கே, ஆற்றுப் பாலத்துக்குத் திரும்பின. எல்லைப் பக்கம்.

ஓங்கிய பானையை அவள் மெல்ல இறக்கினாள். "ஐயோ, உன் தங்கச்சி அங்கதானடி இருக்கா..."

நான் என் பானையில் தண்ணீர் பிடித்து வந்து அந்த வண்டிகளுக்குப் பின்னால் ஊற்றினேன். உங்கள் நாட்டோடு நடந்த சண்டைக்கு அண்ணன் புறப்பட்டபோது, பத்திரமாகத் திரும்பி வரட்டும் என்று அம்மா ஊற்றினாளே, அதே வாசலில்.

அண்ணன் வரவில்லை. இவர்களாவது வரட்டும், எங்கள் தெருவுக்கே.

உன் அக்கா