கொட்டகையில் மூன்று புட்டிகள்

ஏப்ரல் 19, வெள்ளி

இந்த நோட்டு யார் கையில் கிடைத்ததோ தெரியாது. மூடி, எடுத்த இடத்தில், மெத்தைக்கு அடியிலேயே வைத்துவிடுங்கள். படித்துத்தான் ஆகவேண்டும் என்றால் படியுங்கள், ஆனால் ஒருவருக்கும் காட்டாதீர்கள். அம்மாவுக்கு வேண்டாம். திருமதி பெல்விட்டுக்கு வேண்டவே வேண்டாம். காட்டினால் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

அம்மா முதியோர் இல்லத்துக்கு இரவு வேலைக்குப் போய்விட்டாள். அப்பா கீழே டிவி பார்க்கிறார். என் அறைச் சுவருக்கு வெளியே கொட்டகை. கொட்டகையை ஒட்டி வீட்டு ஹீட்டருக்கான எரியெண்ணெய் நிரம்பிய பச்சைத் தொட்டி. எந்த வரிசையில் படுத்திருக்கிறேன் என்று இன்றைக்குத்தான் யோசித்தேன். நான், சுவர், அது, எண்ணெய்.

ஒழுங்காக எழுதுகிறேன்.

அப்பாவுக்குக் கூரை ஓடு வேய்வது வேலை. ஞாயிற்றுக்கிழமை வந்தால் காதில் ஹெட்போன், கையில் மண்ணுக்குள் கிடக்கும் பழைய உலோகம் தேடும் மெட்டல் டிடெக்டர், ஆட்காக்கின் வயல். எங்கள் ஊர் தோர்ன்பியின் டிடெக்டர் கிளப்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு அப்பாதான் பாடம் எடுப்பார். வயல்காரரைக் கேட்காமல் கால் வைக்காதே. புல்லை மூன்று பக்கம் வெட்டி மூடிபோலத் திற, எடுத்தபின் அதே மூடியைப் போட்டு மிதி. குப்பை கிடைத்தாலும் உன் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோ. குண்டு மாதிரி எதையாவது பார்த்தால் தொடாதே, கொடி நட்டுவிட்டு போலீஸுக்குப் போன் பண்ணு. எனக்கே மனப்பாடம்.

ஓடையோரப் புல்வெளியில் மார்ச் மாதமே கயிறு கட்டிவிட்டார்கள். ஆள்காட்டிக் குருவிகள் தரையிலேயே முட்டையிடும், அதனால் ஜூலை வரை யாரும் உள்ளே போகக்கூடாது. கயிறு கட்டியவர் ஊரில் பறவைகளைப் பாதுகாக்கும் திருமதி பெல்விட். ஒத்துக்கொண்டவர் வயல்காரர் ஆட்காக்.

போன ஞாயிறு அப்பா கயிற்றைத் தாண்டினார்.

ஏப்ரல் 20, சனி

நேற்று பேனாவை வைத்துவிட்டேன், படியில் சத்தம் கேட்டது. பூனைதான்.

அப்பா ஏன் தாண்டினார்? மழையில் ஓடைக்கரை சரிந்திருந்ததாம். புது மண். "புது மண்ணப் பாத்தா நிக்க முடியுமா டாம், நீயே சொல்லு" என்றார். பெண்ணான என்னை அப்பா டாம் என்றுதான் கூப்பிடுவார். மெஷின் கத்தியிருக்கிறது. தோண்டினால் மக்கிப்போன மரப்பெட்டி, உள்ளே நிறைய கண்ணாடிப் புட்டிகள். மெஷின் கத்தியது அவற்றின் தகர மூடிகளுக்குத்தான். பழைய சோடாப் புட்டி என்று நினைத்து மூன்றை எடுத்துக்கொண்டு மற்றதை மூடிவிட்டு வந்துவிட்டார்.

சமையலறைத் தொட்டியில் வைத்து, பாத்திரம் தேய்க்கிற பிரஷால் தேய்த்தார். நான் பக்கத்தில் நின்று ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். உள்ளே மஞ்சளாக ஏதோ, அடியில் மெழுகுபோல ஒரு கட்டி, பழுப்பாக நீளமாய் ஒரு ரப்பர் துண்டு. "இது எந்த ஊர் சோடா?" என்று கேட்டேன். அப்பா சிரித்தார். போட்டோ எடுத்து, கிளப்பில் அவரோடு தேடும் கிளைவ் மாமாவுக்கு அனுப்பினார்.

கிளைவ் மாமா உடனே கூப்பிட்டுவிட்டார். குரல் எனக்கே கேட்டது. "ராஸ், அதக் கீழ வை. மெதுவா. அது பாஸ்பரஸ். ரெண்டாம் உலகப்போர் சமயத்துல ஊர்க்காவல் படைக்காரங்க ஜெர்மன்காரன் வந்தா எறியணும்னு புதைச்சு வச்சது. உடைஞ்சா தீக்குச்சியே வேணாம், காத்து பட்டாப் போதும். தண்ணிக்குள்ள போடு."

அப்பா புட்டிகளை வாளித் தண்ணீரில் இறக்கினார். நான் இன்னும் வெண்ணெய்க் கத்தியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"போலீஸுக்குப் பண்ணுப்பா."

"எங்க எடுத்தேன்னு கேப்பான். கயித்துக்கு உள்ளன்னு சொல்லவா? அந்த பெல்விட் அம்மா அதுக்குத்தான் காத்துக்கிட்டிருக்கா. எனக்கு மட்டுமில்ல, கிளப்புக்கே வயல் போயிடும்."

ஏப்ரல் 24, புதன்

பள்ளி விட்டு வந்ததும் முதல் வேலை, அப்பா கொட்டகையில் கொண்டுபோய் வைத்த வாளியைப் பார்ப்பது. அப்பா கூரைமேல் இருக்கும் நேரம் அது என் பொறுப்பு. வெயிலில் கொட்டகை புழுங்குகிறது. தண்ணீர் குறைகிறது. வெறும் வெயிலா, வாளியில் ஓட்டையா? குவளை குவளையாக ஊற்றுகிறேன், மூடிகள்மேல் நேராக விழாமல் ஓரமாக. மூடிகள் துருப்பிடித்து ஓரம் பிய்ந்திருக்கின்றன.

அம்மா கேட்டாள்: "கொட்டகையில என்னடி உனக்கு அவ்வளவு வேலை? எவனாவது இருக்கானா உள்ள?"

சிரித்தேன். சிரிக்க வந்ததே, அது எப்படி?

ஏப்ரல் 27, சனி

ஊர்க் கூடத்தில் கூட்டம். டிடெக்டர்காரர்கள் நிலத்தைக் கெடுக்கிறார்கள், தடை வேண்டும் என்று திருமதி பெல்விட் மனு கொடுத்திருந்தார். வாசலில் டீயும் பழக்கேக்கும் வைத்திருந்தார்கள். கேக்கை ஒரு கடி கடித்துவிட்டுக் கைக்குட்டையில் சுருட்டினேன்.

"நீங்க தோண்டுற மண்ணுலதான் அதுங்க முட்டை போடுது, ராஸ். நீங்க வேலை பாக்கற கூரைமேல இல்ல" என்றார் திருமதி பெல்விட். "ஒரு தடவ மிரண்டு எழுந்துச்சுன்னா முட்டை ஆறிப்போயிடும்."

"நான் என்ன உங்க முட்டையவா தேடுறேன்? முட்டைக்கு என் மெஷின் கத்தாதும்மா."

எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவுக்கு அது தெம்பாகிவிட்டது.

"அந்த வயல்லேர்ந்து எத்தனை ஈயம், எத்தனை கம்பி, கிழிஞ்ச பீர் டின்னு! மாடு தின்னா சாகும். அத்தனையும் சுமந்து வெளிய கொண்டுவர்றது யாரு? உங்க குருவியா? நாங்க நிலத்தச் சுத்தம் பண்றவங்க. ஒரு துண்டு விட்டுட்டு வந்ததில்ல."

கிளைவ் மாமா தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார். நானும் என் ஷூவைப் பார்த்தேன். அப்பா சொன்னதில் பொய் இல்லை, இத்தனை வருஷம் அப்படித்தான். ஆனால் பெட்டி நிறைய அங்கே கிடக்கிறதே அப்பா.

மனு தோற்றது. வெளியே வரும்போது ஆட்காக் அப்பாவின் தோளில் தட்டினார். "நல்லாப் பேசினய்யா. ஆறாம் தேதி மாட்ட ஓடையோரம் விடலாம்னு இருக்கேன். கயித்துக்கு இந்தப் பக்கம் வரைக்கும்தான். ஆனா மாட்டுக்குக் கயிறெல்லாம் ஒரு கணக்கா?"

அப்பாவின் முகம் எப்படி மாறியது என்பதை நான் மட்டும்தான் பார்த்தேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

கனவில் மாடுகள். அவ்வளவுதான் எழுதுவேன்.

மே 2, வியாழன்

இதை உடனே எழுதிவிட வேண்டும்.

சாயங்காலம் கொட்டகைக் கதவைத் திறந்தபோது பூண்டு வாசனை. நாங்கள் பூண்டே வாங்குவதில்லை. தண்ணீர் ஒரு புட்டியின் கழுத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. மூடி ஓரத்திலிருந்து நூல்போல வெள்ளைப் புகை.

கத்தினேன் போலிருக்கிறது. அப்பா ஓடி வந்து, என்னைப் பின்னால் தள்ளிவிட்டு, கையாலேயே புட்டியை அழுத்தித் தண்ணீருக்குள் சாய்த்தார். அப்புறம் "ஐயோ" என்று மெதுவாகச் சொன்னார். சத்தமாகச் சொல்லியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன். கையை வாளியிலேயே வைத்துக்கொண்டு நின்றார். வெளியே எடுத்தால் விரலில் புகை. உள்ளே விட்டால் நின்றது. எடுத்தால் மறுபடியும். பழைய கத்தியால் விரலைத் தண்ணீருக்குள்ளேயே சுரண்டினார்.

"வெளக்க அணை டாம். ஏதாவது மிச்சம் இருக்கான்னு பாக்கணும்."

அணைத்தேன். அப்பாவின் கட்டைவிரல் நகத்தைச் சுற்றிப் பச்சையாக ஒளிர்ந்தது. மின்மினி மாதிரி. என் அப்பாவின் கை.

அது அணையும் வரை சுரண்டினார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். வேலையில் தார் பட்டுவிட்டது என்று அம்மாவிடம் சொல்லச் சொன்னார்.

பிறகு திட்டத்தைச் சொன்னார். சனிக்கிழமை விடியும்போது வாளியை வேனில் ஏற்றிக்கொண்டு போவாராம். பாதையோரம், ஆட்காக் அனுமதித்த பக்கம், குழி தோண்டி மூன்றையும் வைத்து, கொடி நட்டு, அப்போதுதான் கண்டெடுத்ததுபோல் போலீஸுக்குப் போன் செய்வாராம்.

"அப்ப ஓடைகிட்ட இருக்கறது?"

"இத வச்சு அவங்களே சுத்து முத்தும் தேடுவாங்க."

"தேடலேன்னா? திங்கக்கிழம மாடு வருது, பெட்டிய மிதிச்சா? வேன் அந்தப் பாதைல எப்படிக் குலுங்கும்னு உனக்குத் தெரியாதா?"

"மடில வச்சுக்கறேன்."

மடியில்.

"நீ ஒண்ணும் கவலப்படாத கண்ணு. இத்தன வருஷம் கூரையில ஏறி எறங்கறேன், விழுந்தேனா?"

இது கூரை இல்லப்பா. கூரை இல்ல.

மே 3, வெள்ளி

ஊர்க் கூடத்தின் கழிவறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். போலீஸ் வீடுகளைக் காலி செய்யச் சொன்னதால் எங்கள் தெரு முழுக்க இங்கேதான் இருக்கிறது. நான்தான் போன் செய்தேன். யாருக்கும் தெரியாது.

மே 5, ஞாயிறு

வெள்ளிக்கிழமை நடந்ததை எழுதிவிடுகிறேன், எழுதாவிட்டால் வயிற்றுக்குள்ளேயே இருக்கும்.

பள்ளி பஸ்ஸிலிருந்து இறங்கினேன், நிறுத்தத்திலேயே நின்றுவிட்டேன். அவசர எண்ணை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தாள். பாஸ்பரஸ் என்றதும் அவள் குரல் மாறவில்லை, அதுதான் என்னைப் பிடித்து நிறுத்தியது. புட்டி தண்ணீருக்குள் இருக்கிறதா, வீட்டில் யார், பக்கத்தில் என்ன. எண்ணெய்த் தொட்டி என்றேன். "சரிம்மா, நீ வீட்டுக்குப் போகாத, அங்கேயே நில்லு" என்றாள். அப்பா இருக்காங்க, விரல் புண்ணால வேலைக்குப் போகல என்றேன். "அவர நாங்க வெளிய கூட்டிட்டு வந்துடுவோம்." பெயர் கேட்டாள். வைத்துவிட்டேன். அதற்கு முன் ஓடையோரத்தையும் சொல்லிவிட்டேன், கயிற்றுக்கு உள்ளே என்று. அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். விட்டிருந்தால் அப்பா தப்பித்திருப்பார். மாடுகள்?

ராணுவத்துக்காரர்கள் மணல் நிரப்பிய பெட்டியில் புட்டிகளைக் கொண்டுபோனார்கள். ஓடையோர மரப்பெட்டியில் இருந்த மீதியை நேற்று தோண்டி எடுத்து, எல்லாவற்றையும் உழுத வயலில் வைத்து எரித்தார்கள். எங்கள் ஜன்னலிலிருந்தே வெள்ளைப் புகை தெரிந்தது. அப்பா திரைச்சீலையை இழுத்துவிட்டார்.

ஆட்காக் வாசலிலேயே நின்று பேசினார், உள்ளே வரவில்லை. "உன்ன நம்பித்தானய்யா மத்தவனுக்கெல்லாம் வயலத் தொறந்துவிட்டேன்." கிளப் முழுவதற்கும் வயல் போய்விட்டது. கிளைவ் மாமா போனை எடுப்பதில்லை. போலீஸ் விசாரணைக்கு அப்பா புதன்கிழமை போகவேண்டும்.

திருமதி பெல்விட்டும் வந்தார். சண்டைக்கு என்று நினைத்து நான் படியிலேயே நின்றுவிட்டேன். அவர் அப்பாவின் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்து, "ராஸ், இத டாக்டர்கிட்டக் காட்டினியா இல்லையா? முட்டாள்" என்றார். அப்பா இல்லை என்று தலையாட்டினார். அவரே காரில் கூட்டிப்போனார். திரும்பி வந்ததும் திருமதி பெல்விட் வாசலிலேயே நின்றார். குருவிகள் என்ன ஆயின என்று அம்மா கேட்டதற்கு, "ஒரு கூடு போயிடுச்சு. மத்ததுங்க இருக்கு" என்றார், அப்பா பக்கம் திரும்பாமல்.

விரல் பிழைக்குமாம்.

இன்று சாப்பிடும்போது அம்மா ஆரம்பித்தாள். போலீஸ்காரர் சொன்னாராம், போனில் கேட்டது சின்னப் பெண் குரல் என்று. அப்பா முள்கரண்டியைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. உருளைக்கிழங்கை என் தட்டுப் பக்கம் நகர்த்திவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்கு என்ன அர்த்தம்? தெரிந்துவிட்டதா? கோபமா? கோபம் என்றால் ஏன் உருளைக்கிழங்கு?

இத்தனை நாள் சுவருக்கு அந்தப் பக்கம் பயம். இப்போது அங்கே ஒன்றும் இல்லை, காலி வாளிதான் கவிழ்ந்து கிடக்கிறது. பயம் மட்டும் போகவில்லை. இனிமேல் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கே போவார்? நான் எடுத்துவிட்டேன், அவரிடம் இருந்த ஒன்றை நான்தான் எடுத்துவிட்டேன்.

மறுபடியும் அதே இடம் வந்தால் மறுபடியும் போன் செய்வேனா? செய்வேன். அதை நினைக்கத்தான் பயமாக இருக்கிறது. அவர் கேட்டால் பொய் சொல்ல எனக்கு

படியில் யாரோ. பூனை இல்லை.

கதவைத் தட்டுகிறார். இடது கையால், மெதுவாக. "டாம். தூங்கலன்னு தெரியும். உள்ள வரட்டுமா?"

வரச்சொல்லப் போகிறேன்.