தண்டவாளம் அடங்கும் வரை

இன்று காலை கரண்ட் இல்லை, பள்ளியின் மின்மணி அடிக்கவில்லை. ஸ்டோர் ரூமில் சாக்குக்கு அடியில் கிடந்த தண்டவாளத் துண்டை எடுத்து வேப்பமரத்தில் கட்டி, இரும்புக் கம்பியால் நானே அடித்தேன். அதிர்வை நிறுத்தக் கையை வைத்தேன். உள்ளங்கையில் துரு வாசனை. உடனே உன் ஞாபகம்.

இதை அடித்தால் நீ கையை வைக்க மாட்டாய். சத்தம் தானாக அடங்கும்வரை அப்படியே நிற்பாய். நான் ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கத்துவேன்.

"ஏண்டி, பெல் அடிச்சா கிளாஸுக்குப் போக மாட்டியா?"

"இது அடங்கட்டும் எச்.எம். அம்மா. அதுவரைக்கும் நான் யாருக்கும் டீச்சர் இல்ல."

ஆசிரியர் பயிற்சியில் ஒரே பெஞ்சில் இருந்தவளை எச்.எம். அம்மா என்று கூப்பிடுவதில் உனக்கு ஒரு குஷி.

மேலிடத்து உத்தரவு நினைவிருக்கிறதா? ஆசிரியர்கள் தினமும் ஐந்து நிமிடம் கண்ணை மூடி மூச்சைக் கவனிக்க வேண்டும். கவனித்ததற்கு போட்டோ அனுப்ப வேண்டும். ஐந்து வகுப்புக்கு நாம் மூன்று பேர். "எல்லாரும் கண்ண மூடினா போட்டோவ யாருடி எடுக்கிறது?" என்றாய். கடைசியில் சத்துணவு சமைக்கும் அக்கா எடுத்தார். அதில் என் கண் திறந்திருந்தது என்று திருப்பி அனுப்பினார்கள். கூரை ஒழுகுகிறது என்று எழுதிய கடிதத்துக்கு ஒரு வருடமாகப் பதில் இல்லை. திறந்த கண்ணுக்குப் பத்து நிமிடத்தில் பதில் வந்தது.

பிறகு அந்த ஆய்வு வாரம். வராண்டாவில் என்னை மறித்தாய்.

"ஒரு நிமிஷம் நில்லுடி, சொல்லணும்."

"நடந்துக்கிட்டே சொல்லு."

நடந்துகொண்டே சொன்னாய். நாலு நாளாகத் தலைவலி, ஒரு கண் மங்கலாகத் தெரிகிறது, நாளைக்கு லீவு வேண்டும். என் கண் போனில் இருந்தது. மாணவர் பட்டியல் ஏறாமல் சுற்றிக்கொண்டே இருந்தது.

"வியாழக்கிழமை ஆய்வு முடிஞ்சிரும். வெள்ளிக்கிழமை போயேன்."

"சரி" என்றாய். புதன்கிழமை வகுப்பிலேயே விழுந்தாய். தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து நீ திரும்பவில்லை. "முன்னாடியே வந்திருந்தா..." என்றார் டாக்டர்.

பள்ளிக்குப் போதுமான ஆள் போடாதவர்கள்மீது பழி போடு என்கிறார்கள். போடுகிறேன், தினமும் போடுகிறேன். ஆனால் அந்த வராண்டாவில் நிமிர்ந்து பார்க்காதவள் நான்தான்.

இன்று பதினோரு மணிக்கு சத்துணவு அக்கா வாசலில் நின்றார். "டீச்சர், வேலையா இருந்தா அப்புறமா வரேன்." வட்டார அலுவலகத்திலிருந்து போன் அடித்துக்கொண்டிருந்தது. அதை டிராயருக்குள் போட்டு மூடினேன்.

"உக்காருங்கக்கா. சொல்லுங்க."

"காலையிலேருந்து நெஞ்ச இறுக்கிப் பிடிக்குது. உலை வச்சிட்டேன். சோறு போட்டுட்டுப் போகட்டா?"

முகத்தைப் பார்த்தேன். வேர்த்துக் கொட்டியிருந்தது. இருக்கிற ஒரே டீச்சரின் துணையோடு ஆட்டோவில் குடவாசல் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். பிள்ளைகளை மொத்தமாகச் சமையல்கட்டு வாசலில் உட்கார வைத்துவிட்டு சாம்பார் கிண்டினேன்.

"டீச்சர், அடிப்பிடிச்சிருச்சு."

"தெரியுது. சாப்பிடு."

இரண்டு மணிக்குத்தான் டிராயரைத் திறந்தேன். அக்காவை பெட்டில் சேர்த்துவிட்டார்கள், நேரத்துக்கு வந்ததால் பயமில்லை என்று டீச்சர் செய்தி அனுப்பியிருந்தார். அதற்குள் மறுபடியும் அலுவலக அழைப்பு.

"பதினோரு மணியிலேருந்து கூப்பிடறேன். எங்க போனீங்க?"

"மூச்சுப் பயிற்சியில இருந்தேங்க சார்."

"போட்டோ?"

"எடுக்க ஆள் இல்லைங்க சார்."

சாயந்திரமும் கரண்ட் வரவில்லை. கடைசி மணியை அடித்தேன். கால் கடுத்தது. பிள்ளைகள் கேட்டைத் தாண்டி ஓடினார்கள். இரும்பு நடுங்கிக்கொண்டிருந்தது. நான் கையை வைக்கவில்லை.