வாசல் விளக்கு ஏன் எரிகிறது?

என் வீட்டுக்காரிக்கு,

நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். நீ மகள் வீட்டுக்குப் போன பிறகும் நான் நன்றாகத்தான் இருக்கிறேன்.

நேற்று இவள் கம்ப்யூட்டரில் பாடம் நடத்தினாள். பிள்ளைகள் ஒரு கவிதையை அலசிப் பேசி, அந்தப் பேச்சைப் பதிவு செய்து இணையத்தில் போட வேண்டுமாம். ஒரு தடவை கேட்டதிலேயே எனக்குக் கவிதை மனப்பாடம், உன் திட்டு மாதிரி. அதில் ஒருத்தன் தினமும் வாசல் விளக்கை அணைக்காமல் படுக்கிறான். ஏன் என்று இவள் கேட்டாள்.

"மறதி, மிஸ்" என்றது ஒரு பிள்ளை. "திருடன் பயம்" என்றது இன்னொன்று. பின்னால் டீ குடித்துக்கொண்டிருந்த எனக்குப் பொறுக்கவில்லை.

"பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டுப் போயிருப்பா!" என்று கத்திவிட்டேன்.

"அது எந்த வரியில இருக்கு மாமா?"

"வரியில இல்லம்மா. நம்ம வாசல்ல போய்ப் பாரு."

பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அதையும் வெட்டாமல் இணையத்தில் போட்டுவிட்டார்கள். மகள் போனில் நீ பார்க்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் ஒன்றும் உன்னைக் கூப்பிடவில்லை. பிள்ளைகள்தான், "தாத்தா, அந்தம்மா திரும்பி வந்தாங்களா?" என்று விடாமல் கேட்கிறார்கள். கவிதை அதைச் சொல்லவில்லை. நீதான் சொல்ல வேண்டும்.

கீழே ரேகை வைத்திருப்பது,
உன் வீட்டுக்காரன்