முன்வரிசையில் ஓர் இடம்

அன்புள்ள ஓடில்,

மொன்றியாலில் நீயும் உன் கணவரும் சௌக்கியமா? இங்கே லியோனில் ஓயாத மழை.

நம் நால்வர் குழுவில் உனக்குப் பதிலாக செல்லோ வாசிக்க வந்த பெண் கெட்டிக்காரிதான். நேற்று ஒத்திகையில் நாங்கள் மூவரும் வில்லைத் தூக்கிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தோம். "யாருக்காகக் காத்திருக்கீங்க?" என்று சிரித்தாள். தொடங்கும் முன் நீ மூச்சை இழுக்கும் சத்தத்துக்காக என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

அவள் காப்பி வாங்கப் போனதும் தியெரி வயலினைப் பெட்டிக்குள் வைத்தான். "போதும்ப்பா. ஓடில் போனப்பவே நம்ம குழு முடிஞ்சுபோச்சு," என்றான். மற்ற இருவரும் எங்கள் பெட்டிகளை மூடினோம்.

ஏப்ரலில் கடைசிக் கச்சேரி. முன்வரிசையில் உனக்கு ஓர் இடம் வைக்கச் சொல்லியிருக்கிறேன். அவ்வளவு தூரம் நீ வரவேண்டாம். அரங்கம் நிறைந்து, அந்த ஒரு நாற்காலி மட்டும் காலியாக இருந்தால், அதைப் பார்த்து நான் வாசித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
உன் பக்கத்தில் வயோலா வாசித்தவன்