போர்வை சுற்றிய சோறு

ஆகஸ்ட் 2, சனி

நாளை ஆடிப்பெருக்கு. எங்கள் அடுக்குமாடியிலிருந்து பதினெட்டுப் பேர் வேனில் கிளம்புகிறோம். காலையில் ஆற்றங்கரையில் அம்மா மண்டபப் படித்துறையில் பூஜை, பிறகு முக்கொம்பு அணைப் பூங்கா. கலந்த சாதம் என் பொறுப்பு. வேறு யாரிடம் கொடுப்பார்கள்? "விஜயராணி டீச்சர் கை சுத்தமான கை" என்று பக்கத்து வீட்டு ரஞ்சனி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு மனையியல் எடுக்கிறவள் வேறு.

விடிந்ததும் வேன் வந்துவிடும். அதனால் மாலை ஆறு மணிக்கே சோறு வடித்துவிட்டேன். தாம்பாளத்தில் பரப்பி ஆற வைக்கலாமென்றால் அடுப்படிச் சுவரில் பல்லி. அண்டாவிலேயே அமுக்கி மூடி, சூடு இறங்காமல் இருக்கப் பழைய போர்வையைச் சுற்றி வைத்தேன். காலையில் தாளித்துக் கிளறினால் போதும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. ஒரு மணிக்குச் சாப்பிட்டோம். மூன்றரைக்கு, திரும்பி வரும் வழியில், ரஞ்சனியின் மகள் கனிஷ்கா வேனுக்குள்ளேயே வாந்தி எடுத்தாள். ஆறு வயதுக் குழந்தை. பிறகு ரஞ்சனி. பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பதினொரு பேர். குழந்தைக்கு மட்டும் ஆஸ்பத்திரியில் டிரிப்ஸ் ஏறுகிறது. எனக்கும் லேசாகப் புரட்டியது. பரிமாறிக்கொண்டே இருந்ததில் இரண்டு வாய்தான் சாப்பிட்டேன், வெயில்தான் காரணம் என்று நினைத்தேன்.

"என்ன சாப்பிட்டாங்க?" என்று டாக்டர் கேட்டார். நான்தான் முந்திக்கொண்டேன். "முக்கொம்புல ஒரு வண்டிக்காரம்மாகிட்ட வெள்ளரிக்காய் வாங்கித் தின்னாங்க சார். அதுல தெளிச்ச தண்ணிதான்."

ரஞ்சனி எடுத்த படம் ஒன்றில் வண்டியும் அந்தம்மாவின் முகமும் தெளிவாக இருந்தன. அடுக்குமாடி வாட்ஸ்அப் குரூப்பில் போட்டேன். 'இந்த வண்டியில் வாங்காதீர்கள். பதினொரு பேருக்கு வாந்தி.' கீழே என் பெயரையும் போட்டேன், டீச்சர் என்று சேர்த்து.

ஆகஸ்ட் 4, திங்கள்

கனிஷ்கா வீட்டுக்கு வந்துவிட்டாள். நான் போட்ட படம் சுற்றிச் சுற்றி, ஸ்கூலில் வேறொரு டீச்சர் போனிலிருந்து எனக்கே வந்தது. "நல்ல காரியம் பண்ணீங்க" என்றார்கள். பெருமையாக இருந்தது. மறைத்து என்ன? பெருமையாகத்தான் இருந்தது.

ஆகஸ்ட் 6, புதன்

வேன் ஓட்டிய சின்னையன், நாங்கள் மறந்துவிட்ட கரண்டியைக் கொடுக்க வந்தார். முகம் வற்றிப் போயிருந்தது.

"அன்னைக்கு வண்டிய விட்டுட்டு வீட்டுக்குப் போனதுலேர்ந்து ஒரே வாந்திங்க. ரெண்டு நாள் எந்திரிக்க முடியல."

"நீங்களும் வெள்ளரிக்காய் சாப்பிட்டீங்களா?"

"இல்லைங்க டீச்சர். நான் வேனை விட்டே இறங்கல. நீங்க குடுத்தனுப்புன தேங்காச் சாதம்தான். ரெண்டு தடவை வாங்கித் தின்னேன். நல்லா இருந்துச்சு."

நல்லா இருந்துச்சாம்.

அவர் போனபின் என் கணவரைப் பார்த்தேன். சர்க்கரை இருப்பதால் அன்று சோற்றைத் தொடவில்லை, வீட்டுச் சப்பாத்திதான். வெள்ளரிக்காயோ, நான் திட்டத் திட்ட நாலு கீற்று. குத்துக்கல் மாதிரி உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

இரண்டரை மணி நேரத்தில் வாந்தி. எந்த உணவு அப்படிச் செய்யும் என்று எனக்குத் தெரியாதா? இருபத்திரண்டு வருடமாக அதைத்தானே கரும்பலகையில் எழுதுகிறேன்?

ஆகஸ்ட் 7, வியாழன்

பல்லிக்குப் பயந்தேன். பல்லிக்கு!

ஆகஸ்ட் 11, திங்கள்

பாடம் இன்றைக்கென்று அங்கேதான் வந்து நின்றது. சோற்றில் இருக்கும் ஒரு கிருமியின் வித்து கொதியிலும் சாகாது, மிதமான சூட்டில் மணிக்கணக்கில் மூடி வைத்தால் பெருகி நஞ்சைக் கக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

"அப்ப மறுநாள் நல்லா சூடு பண்ணிட்டா சரியாயிடுமா மிஸ்?" என்று ஒரு பெண் கேட்டாள்.

"ஆகாது. கிருமி செத்தாலும் நஞ்சு அப்படியே இருக்கும். சோத்த அகலமாப் பரப்பி சீக்கிரம் ஆத்தி, சின்னச் சின்ன டப்பாவுல போட்டு பிரிட்ஜுல வைக்கணும். இல்லைன்னா அன்னன்னைக்கு வடிச்சுக்கணும்."

எவ்வளவு சுலபமாகச் சொல்கிறது இந்த வாய். சாக்பீஸைக் கீழே போட்டுவிட்டுக் குனிந்து தேடினேன். அது காலடியில்தான் இருந்தது. நிமிரத்தான் பிடிக்கவில்லை.

வீட்டில் இவரிடம் சொன்னேன். "எல்லாரும்தான் நல்லாயிட்டாங்களே. விடு" என்கிறார். விட்டுவிடலாமா? யாருக்கும் தெரியாது. அந்தம்மாவின் பெயர்கூட எனக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 15, வெள்ளி

தெரிந்துவிட்டது. பொன்னுத்தாய்.

சின்னையன் நேற்று முக்கொம்புக்குச் சவாரி போனபோது அந்தம்மாவைப் பார்த்தாராம். யாரும் வாங்குவதில்லை. ஒருவன் போனில் படத்தை அந்தம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினானாம். தங்கள் வியாபாரமும் கெடுகிறதென்று மற்ற வண்டிக்காரர்கள் அவரைப் பூங்கா வாசலைவிட்டுத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டார்களாம்.

எழுதினேன், அழித்தேன், எழுதினேன். முதலில் 'சோறும் காரணமாக இருந்திருக்கலாம்' என்று வந்தது. லாம்! என்ன பிறவியடி நீ? கடைசியில் போட்டது இது: 'கெட்டது நான் வடித்த சோறு. வெள்ளரிக்காய் இல்லை. முந்தின நாளே வடித்துச் சூட்டோடு மூடி வைத்தது என் தப்பு. அந்தப் படத்தை யாருக்கெல்லாம் அனுப்பினீர்களோ, இதையும் அனுப்புங்கள். விஜயராணி டீச்சர்.'

மாலை படிக்கட்டில் ரஞ்சனி. "எப்பக்கா தெரிஞ்சுது?"

"போன புதன்கிழமைக்கு முந்தின புதன்."

விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். "ஒம்பது நாளா?" மடக்கிய விரலை விரிக்காமலே படியேறிப் போனாள். நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

முக்கொம்பு போனேன். வாசலிலிருந்து வெகுதூரம் தள்ளி, நிழல்கூட இல்லாத இடத்தில் அந்த வண்டி.

"அந்தப் படத்தைப் போட்டது நான்தாங்க."

பொன்னுத்தாய் நிமிர்ந்து பார்த்துவிட்டு நறுக்குவதைத் தொடர்ந்தார். "வீட்டுலயே தண்ணி காய்ச்சி ஆத்திக் கொண்டாரேன். கத்திய அப்பப்பக் கழுவுறேன். ஒரு வார்த்தை என்னைக் கேட்டிருக்கலாமேங்க?"

"தப்புதாங்க. மன்னிச்சிருங்க."

"வெயில்ல நிக்காதீங்க, போங்க."

போகவில்லை. வாசலில் இருந்த நாலு வண்டிக்காரர்களிடமும் தனித்தனியாகப் போய், சோறு என்னுடையது என்று சொன்னேன். நாலு தடவையும் காது சுட்டது. மூன்றாவது வண்டிக்காரர் சிரித்தார்.

ஜனவரி 17, சனி

காணும் பொங்கல். மறுபடி வேன், மறுபடி முக்கொம்பு. "நீங்க தண்ணி கேன் மட்டும் எடுத்துட்டு வாங்கக்கா, போதும்" என்று ரஞ்சனி முன்பே சொல்லிவிட்டாள். ஐந்து மாதம் ஆகியும் அப்படித்தான். எனக்கு வேண்டியதுதான்.

கேனோடு ஒரு சின்ன டப்பாவில் எலுமிச்சைச் சாதமும் எடுத்துப் போனேன். எங்கள் ஆட்களிடம் காட்டவில்லை.

பொன்னுத்தாயின் வண்டி வாசலுக்கே திரும்பி வந்திருந்தது. நல்ல கூட்டம். கூட்டம் குறையும்வரை நின்று, டப்பாவை நீட்டினேன். அவர் டப்பாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எப்ப வடிச்ச சோறுங்க?"

"இன்னைக்குக் காலைல. ஒம்பது மணிக்கு. பரப்பி ஆத்தினதுக்கப்புறம்தான் கிளறினேன்."

மணி பதினொன்று. எழுப்பி நிற்க வைத்த பிள்ளை மாதிரி நின்றேன். அவர் கை கழுவிவிட்டு வந்து மூடியைத் திறந்தார். ஒரு வாய் சாப்பிட்டார்.

"உப்பு கம்மி டீச்சர்" என்று சொல்லி, வண்டியிலிருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்துத் தூவிக்கொண்டு, மீதியையும் சாப்பிட ஆரம்பித்தார்.