முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம்

ஒக்கலிபுரம், பெங்களூரு
20 ஜூலை 2025

அன்புள்ள கிளிஃபர்டுக்கு, டோரதி எழுதுவது.

போனில் பேசினால் நமக்குச் சண்டைதான் வருகிறது என்று யூஜின் ஃபாதரிடம் அழுதேன். "பிரியுறதா சேர்றதான்னு அப்புறம் பாப்போம்மா. ஆறு மாசம் கையால லெட்டர் எழுதி, அதைப் போன்ல போட்டோ புடிச்சு அனுப்பிக்குங்க" என்றார். சரி, எழுதுகிறேன். பரீட்சைத்தாள் திருத்தும் சிவப்புப் பேனாதான் கையில் கிடைத்தது, கோபம் என்று நினைக்க வேண்டாம்.

ஆகஸ்ட் 16 வந்தால் க்ளென் போய் ஒரு வருஷம். காலை ஆறரைக்குப் பூசை. நம் பிள்ளை உயிரோடிருந்த ஒன்பது நாளும் நீங்கள் சிலியில், மலைமேல், தொலைநோக்கியோடு இருந்தீர்கள். அடக்கத்துக்கு வந்தீர்கள், மூன்றாம் நாள் கிளம்பிவிட்டீர்கள். அதை இனிமேல் கிளற மாட்டேன். இந்தப் பூசைக்கு மட்டும் என் பக்கத்தில் வந்து நில்லுங்கள். நீங்கள் வந்தால் பிரிகிற பேச்சையே எடுக்க மாட்டேன் என்று ஃபாதரிடமும் சொல்லிவிட்டேன்.

உங்கள் டோரதி

•

சிலி
24 ஜூலை 2025

அன்பு டோரதி,

சிவப்புப் பேனாவைப் பார்த்ததும் எத்தனை மார்க் என்றுதான் முதலில் தேடினேன்! வருகிறேன்ம்மா. டிக்கெட் போட்டாயிற்று. 15ஆம் தேதி காலை வீட்டில் இருப்பேன்.

அப்படி என்னதான் பார்க்கிறீர்கள் என்று ஒருமுறை கேட்டாய், நான் எரிந்து விழுந்தேன். இப்போது சொல்கிறேன். எங்கோ ஒரு கிரகம் தன் நட்சத்திரத்துக்கு முன்னால் கடந்து போகும்போது வெளிச்சம் துளி குறையும். கிரகத்தைச் சுற்றிக் காற்று இருந்தால், கொஞ்சம் வெளிச்சம் அதற்குள் புகுந்து நம்மிடம் வரும். அந்த வெளிச்சத்தைப் பிரித்துப் பார்த்தால் நீராவி இருக்கிறதா, வேறென்ன இருக்கிறது என்று தெரியும். ஆனால் கடக்கிற நேரத்தை மட்டும் பார்த்துப் பிரயோசனமில்லை. அதற்கு முன்னால் இரண்டு மணி நேரம், பின்னால் இரண்டு மணி நேரம் அந்த நட்சத்திரத்தைச் சும்மா பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். எது குறைந்தது என்று அப்போதுதான் தெரியும்.

கிளிஃப்

•

சிலி
12 ஆகஸ்ட் 2025

டோரதி,

எப்படி எழுதுவதென்றே தெரியவில்லை. கிரகம் கடக்கிற நாள் எங்கள் பட்டியலில் 13 என்று இருந்தது. 13 விடியற்காலை என்று நினைத்து, அன்று ராத்திரி விமானத்துக்கு டிக்கெட் போட்டேன். இங்கே இரவு எந்தத் தேதியில் தொடங்குகிறதோ, விடியும்வரை அதே தேதிதான் எழுதுவார்கள். ஆகவே கிரகம் கடப்பது 14 விடியற்காலை. பத்து வருஷமாக இதே வேலை செய்கிறவன் செய்கிற தப்பா இது! இங்கிருந்து பார்க்கிற மாதிரி இந்த வருஷம் இது ஒரு தடவைதான் கடக்கும். அதற்கப்புறம் இடம் இருக்கிற விமானத்தில் வந்தால் 17தான் சேர முடியும். மன்னித்துவிடு.

கிளிஃப்

•

பெங்களூரு
13 ஆகஸ்ட் 2025

என்னங்க,

உங்களோடு வேலை பார்க்கும் அச்யுத் அங்கேதானே இருக்கிறார்? அவரிடம் ஒப்படைத்துவிட்டு அந்த விமானத்திலேயே ஏறுங்கள். இன்னும் நேரம் இருக்கிறது. கெஞ்சிக் கேட்கிறேன், வாங்க.

டோரதி

•

சிலி
14 ஆகஸ்ட் 2025

அன்பு டோரதி,

உன் கடிதம் வந்தது. அச்யுத்தும், "நான் பாத்துக்கறேன் சார், நீங்க கிளம்புங்க" என்றான். என்னால் முடியவில்லை. இரண்டு வருஷ உழைப்பு.

வானத்தில் மேகமே இல்லை. எல்லாம் சுத்தமாகக் கிடைத்தது. கடந்து முடிந்ததும் மற்றவர்கள் தூங்கப் போய்விட்டார்கள். நான் அந்த நட்சத்திரத்தைப் பார்த்தபடி இரண்டு மணி நேரமும் அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.

பூசையை ஒரே ஒரு நாள் தள்ளிவைக்க முடியுமா?

கிளிஃப்

•

பெங்களூரு
16 ஆகஸ்ட் 2025

கிளிஃபர்டுக்கு,

பூசை முடிந்தது. உங்களுக்காக விட்டிருந்த இடத்தில் மாடிவீட்டுக் காந்தா ஆன்ட்டி வந்து உட்கார்ந்தார். எப்போது எழ வேண்டும், எப்போது முழந்தாளிட வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. என்னைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். கடைசிவரை என் கையை விடவில்லை.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். அசையாமல் உட்கார்ந்திருந்தேன் என்கிறீர்கள். அது உங்கள் சுபாவத்திலேயே இல்லை என்று நினைத்து மனத்தைத் தேற்றிக்கொண்டிருந்தேன். உங்களால் முடிகிறதே! அதைத்தான் தாங்க முடியவில்லை.

க்ளெனோடு ஒன்பது நாள் இருந்தேன். அவன் போன பிறகு ஒரு வருஷம் இருக்கிறேன். நீங்கள் பார்த்தது நடுவில் மூன்று நாள். எனக்கு எது குறைந்தது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?

பிரிந்துவிடுகிறேன் என்று ஃபாதரிடம் சொல்லிவிட்டேன். நாளைக்கு நீங்கள் வரும்போது நான் அத்திபெலேயில் அம்மா வீட்டில் இருப்பேன். சாவி ஆன்ட்டியிடம் இருக்கும். உங்கள் சட்டைகளை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன். இனி எழுத வேண்டாம்.

கல்லறையில் உங்கள் பெயரை எடுக்கச் சொல்லவில்லை. அவனுக்கு அப்பாவாக அங்கே மட்டுமாவது இருங்கள்.

டோரதி