ஒருவழித் தகடுகள்

வில்லாபுரம், மதுரை,
4-6-1943, வெள்ளிக்கிழமை.

அன்பிற்குரிய மைத்துனன் நல்லகாமனுக்கு ஜெயக்கொடி எழுதுவது.

உன் கடிதத்தில் தேதி இல்லை. தபால் முத்திரையைப் பார்த்து மே 29 என்று நானே முடிவு செய்துகொண்டேன். கோயமுத்தூரில் பட்டறை நடத்துகிறவன் இப்படி இருக்கலாகாது.

உன் அக்கா சோலையம்மாள் நலம். என் மகள் செல்லத்தாய்க்கும் உன் மகன் சின்னச்சாமிக்கும் ஆவணியில் பரிசம் போடுவதாகப் பேசியதில் மாற்றமில்லை. எந்த நாள் என்றுதான் நீ இன்னும் சொல்லவில்லை.

தெற்குவாசலில் நான் திறந்திருக்கும் ரேடியோ பாட்டரிக் கடை சும்மா கிடக்கிறது. நம் ஊர் மின்சாரம் முன்னும் பின்னும் மாறி ஓடுவது. பாட்டரியில் சார்ஜ் ஏற அது ஒரே திசையில் ஓடவேண்டும். அப்படி ஓடவைக்கும் சீமைத் தகடுகள் யுத்தத்தால் வருவதில்லை. சின்னச்சாமி செம்புத் தகட்டை உலையில் சுட்டு அதே வேலையைச் செய்விக்கிறான் என்று எழுதியிருக்கிறாய். ஆலையில் முப்பது ஆண்டு மின்சாரம் பார்த்தவன் நான். செம்பு கடத்தும், பீங்கான் தடுக்கும். இந்தப் பக்கம் விட்டு அந்தப் பக்கம் மறிக்கும் இரண்டுங்கெட்டான் பொருளில் எனக்கு நம்பிக்கை இல்லை. எனினும் வேறு வழியும் இல்லை. அனுப்பி வை.

இப்படிக்கு,
ஜெயக்கொடி

பீளமேடு, கோயமுத்தூர்,
15-6-1943.

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு,

தேதி போட்டிருக்கிறேன், பாருங்கள்.

தகடுகளை ரயில் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். செம்பு உருகுவதற்குச் சற்று முன்வரை உலையில் வைத்துச் சுட்டால் மேலே கறுப்பும் அதற்கடியில் செங்கல் நிறமுமாக ஏடு படியும். கறுப்பைத் திராவகத்தில் கழுவி எடுத்துவிட்டோம். செங்கல் நிறத்து ஏடுதான் உயிர். அது செம்பை ஒட்டியிருக்கும் இடத்தில்தான் மின்சாரம் ஒருவழிப்படுகிறது. பார்க்க அழகாயிராது. சின்னச்சாமி ஒவ்வொன்றையும் தன் கையாலேயே சோதித்தான். மாமனார் கடைக்குப் போகிறது என்று இரண்டு நாள் சோறு தண்ணி மறந்து கிடந்தான்.

அக்காவைக் கேட்டதாகச் சொல்லவும்.

தங்கள்,
நல்லகாமன்

(அஞ்சலட்டை)

வில்லாபுரம், 28-6-1943, திங்கட்கிழமை.

நல்லகாமனுக்கு,

23-ந் தேதி நான் மேலூர் போயிருந்தபோது பார்சல் வந்தது. நேற்று தகடுகளைப் பூட்டினேன். வண்டியூர் விருமாண்டி கொண்டுவந்த பாட்டரி சூடேறிப் பொங்கியது. ஊரார் நடுவே அவன், “என்னண்ணே, சார்ஜ் ஏத்தச் சொன்னா வெந்நி போட்டுக் குடுக்குறீக?” என்றான். தனித்தனியே சோதித்தேன். எப்படித் திருப்பினாலும் பல்பு எரிகிறது. நீ எழுதிய ஏடு எதிலும் இல்லை. பளபளக்கும் வெறும் செம்பு. சுடாததைச் சுட்டதாகச் சொன்ன சின்னச்சாமி பொய்யன். பொய்யனுக்குப் பெண் கொடுக்க மாட்டேன். பரிசப் பேச்சு இன்றோடு முடிந்தது.

ஜெயக்கொடி

பீளமேடு, 3-7-1943.

மச்சான் அவர்களுக்கு,

உங்கள் கார்டு வந்தபோது நான் பட்டறையில் இருந்தேன். என் மனைவிக்கு எழுத்துத் தெரியாது. எப்போதும்போல் தபால்காரரை வாசிக்கச் சொல்லியிருக்கிறாள். அவர் தெருவில் நின்று கணீரென்று வாசித்தார். குழாயடியில் நின்ற அத்தனை பேரும் கேட்டார்கள். மறுநாள் பட்டறையிலேயே ஒருவன் சின்னச்சாமியிடம், “என்ன மாப்ள, வெறுஞ் செம்பக் குடுத்துப் பொண்ணெடுக்கப் பாத்தியாமே?” என்று கேட்டிருக்கிறான். அன்றிலிருந்து சின்னச்சாமி உலைப்பக்கம் போவதில்லை. பம்பாய்க்குப் போகிறேன் என்கிறான்.

இங்கிருந்து புறப்பட்டபோது எல்லாத் தகடுகளிலும் ஏடு இருந்தது. ஏடு தானாக உதிராது. வீட்டில் யாராவது அவற்றில் கைவைத்தார்களா? அதைக் கேட்டபின் எழுதினீர்களா, கேளாமலே எழுதினீர்களா?

நல்லகாமன்

வில்லாபுரம், 8-7-1943, வியாழக்கிழமை.

அன்பிற்குரிய மைத்துனன் நல்லகாமனுக்கு,

கேளாமல்தான் எழுதினேன். உன் கடிதம் கண்டபின் கேட்டேன்.

உன் அக்கா சிறிதும் தயங்கவில்லை. “எந் தம்பி அனுப்புன சாமான் துருப்பிடிச்சாப்ல வந்துச்சு. பாக்குறவுக எம் பொறந்த வீட்ட என்ன சொல்லுவாக? உப்பும் புளியும் போட்டு ஊற வச்சு, செங்கப்பொடியால தேச்சேன். அம்புட்டுத்தேன். கை ரெண்டும் தோலு உரிஞ்சு போச்சு” என்றாள். உன் வீட்டு மானத்தைத் துலக்குவதாக நினைத்து உன் மகனின் உழைப்பைச் சாக்கடையில் கழுவி ஊற்றியிருக்கிறாள். நான் சத்தம் போட்டேன். அவள் அழவில்லை, தகடுகளை நன்றாகத் துலக்கியதற்கு வைகிற மனிதரை இப்போதுதான் பார்ப்பதாகச் சொன்னாள்.

செல்லத்தாய் மட்டும், “கார்டு எழுதுறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லப்பா” என்றாள். அதன்பின் என்னோடு பேசவில்லை.

நடந்தது நடந்துவிட்டது. தவறு சோலையம்மாளுடையது. இச்செய்தி நம் இருவருக்குள் இருக்கட்டும் என்றே உறையிலிட்டு அனுப்புகிறேன். வேறு தகடுகள் அனுப்பு. பரிசத்துக்கு முன்பு பேசியபடியே நாள் பார்.

இப்படிக்கு,
ஜெயக்கொடி

பீளமேடு, 13-7-1943.

மச்சான் அவர்களுக்கு,

அக்கா செய்தது எனக்குச் சிரிப்பைத் தந்தது. நீங்கள் செய்தது தரவில்லை.

பழியைத் தெருவறிய அனுப்பினீர்கள். அது பொய் என்பதை ஒட்டிய உறைக்குள் வைத்து அனுப்புகிறீர்கள். அதை நான் ஒருவன் வாசித்து என்ன ஆகப்போகிறது? சின்னச்சாமி 21-ந் தேதி பம்பாய் ரயில் ஏறுகிறான். அவனைத் தடுக்க என்னிடம் வார்த்தை இல்லை. அது உங்களிடம் இருக்கிறது. அக்கா பெயரை அதில் இழுக்க வேண்டாம்.

நல்லகாமன்

(அஞ்சலட்டை)

வில்லாபுரம், 16-7-1943, வெள்ளிக்கிழமை.

அன்பிற்குரிய மைத்துனன் நல்லகாமனுக்கும் அவன் வீட்டாருக்கும் ஜெயக்கொடி எழுதுவது.

சின்னச்சாமி அனுப்பிய தகடுகள் குற்றமற்றவை. அவற்றைத் துலக்கலாகாது என்று வீட்டில் சொல்லாமல் போனவன் நான். துலக்கியபின் விசாரியாமல் அவனைப் பொய்யன் என்று எழுதியவனும் நானே. முப்பது ஆண்டு மின்சாரம் பார்த்தும் எனக்குத் தெரியாத ஒன்றை அந்தப் பிள்ளை செய்து காட்டினான். அதைப் பொறுக்க எனக்கு மனம் வரவில்லை. அவன் பம்பாய்க்குப் போகவேண்டாம். போயே தீர்வதென்றால் அதற்கு முன் மதுரைக்கு வந்து, என் கடை வாசலில் நின்று, என்னை என்ன வேண்டுமானாலும் கேட்கட்டும். செல்லத்தாய்க்கு வேறு மாப்பிள்ளை பார்ப்பதாக இல்லை.

தபால்காரர் ஐயாவுக்கு ஒரு விண்ணப்பம்: குழாயடியில் தண்ணீர் வரும் நேரமாகப் பார்த்து, இதைக் கணீரென்று வாசிக்கவும்.

ஜெயக்கொடி